பூஜைக்கு ஒரு நீலப் பாவாடை

நீ போனில் கேட்ட கேள்விக்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. "குக்கர் விசில் வருது, வெச்சிடறேன்" என்றேன். அடுப்பில் குக்கரே இல்லை. உன் அப்பா பேப்பரைத் தாழ்த்தி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடியும் படிக்க ஆரம்பித்தார். இந்த வீட்டில் பெரும்பாலான விஷயங்கள் இப்படித்தான் முடியும் என்பது உனக்குத் தெரியும். ஆனால் இந்த விஷயம் அப்படி முடிந்துவிடக் கூடாது. அதனால் எழுதுகிறேன். எனக்கு எழுதத்தான் வரும். பேசும்போது பாதியில் வேறு எங்காவது போய்விடுவேன்.

"அம்மா, உனக்கு நித்யாவைப் பிடிக்கலையா?" என்று கேட்டாய். வைகாசியில் கல்யாணம் வைத்திருக்கும் பிள்ளைக்கு அம்மாவிடம் இப்படிக் கேட்க நேர்ந்தது நல்லதல்ல. பிடித்திருக்கிறது என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் நீங்கள் வந்திருந்த கடைசி நாள் கரியாஹாட் துணிக்கடையில் நடந்ததைப் பார்த்த பிறகு நீ அதை நம்பமாட்டாய். நம்பவும் கூடாது. எனக்கு அவளைப் பிடிக்கும். அவள்மேல் எனக்குப் பொறாமையும் உண்டு. இரண்டும் ஒரே மனதில் இருக்கும் என்று நீ படித்த புத்தகங்கள் எதுவும் உனக்குச் சொல்லியிராவிட்டால், உன் அம்மா சொல்கிறேன்.

டிசம்பரில் நீ அவளை முதல்முறையாக இங்கே அழைத்துவந்த நாலு நாளையும் நான் மனதில் பலமுறை ஓட்டிப் பார்த்துவிட்டேன். முதல் நாள் சாயங்காலம் டீயைக் கையில் வாங்கிக்கொண்டு, "கல்கத்தா சுத்திப் பார்க்கத்தான் வந்திருக்கேன் ஆன்ட்டி. நடுநடுவுல உங்க வீட்டுக் கதையும் கொஞ்சம் பொறுக்கிட்டுப் போறேன்" என்றாள். நான் சிரித்துவைத்தேன். இந்த மாதிரி ஆர்வங்களில் எனக்கு நம்பிக்கை கிடையாது. போன தலைமுறையில் எல்லார் வீட்டிலும் ஒரு வெள்ளைக்காரத் துரையை எதிர்த்துப் பேசிய தாத்தா இருப்பார். எண்ணிப் பார்த்தால் அத்தனை துரைகள் இந்த நாட்டுக்கு வந்திருக்கவே முடியாது. ஆனால் இவள் பெருமை தேடி வரவில்லை என்பது சீக்கிரமே தெரிந்தது. அவளுக்கு நினைவு தெரிவதற்குள் அவள் அப்பா போய்விட்டார். அவர் வழி உறவுக்காரர்களிடம் கேட்க வேண்டும் என்று இவள் புறப்பட்டபோது, கேட்பதற்கு யாரும் மிஞ்சவில்லை. "அதனால எந்த ஊருக்குப் போனாலும் ஒரு அரை நாளை இதுக்குன்னு ஒதுக்கிடுவேன் ஆன்ட்டி. முழு நாள் கேட்டா ஆளுங்க பயந்துடுவாங்க" என்றாள்.

முதலில் அவள் கேட்டது என்னைத்தான். இதை நான் மறைக்கவில்லை. காளிகாட் கோயிலுக்குப் போய்விட்டு மெட்ரோவுக்கு நடக்கும்போது, நான் பிறந்து வளர்ந்த தெருவைத் தாண்டித்தான் போனோம். "உங்க வீடு எது ஆன்ட்டி?" என்றாள். "இருந்தது. இப்ப ஃபிளாட்" என்றேன். அவள் நின்று அந்த ஃபிளாட்டை அண்ணாந்து பார்த்தாள். பால்கனியில் யாரோ போர்வை உலர்த்தியிருந்தார்கள். நான் நடந்துகொண்டே இருந்தேன். இன்னொரு முறை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. பாங்கு வேலைக்காகத் தஞ்சாவூரிலிருந்து வந்த என் அப்பா, ஹாலில் மாட்டிய ஊர்ப்படத்தின் கீழ் உட்கார்ந்து ரவீந்திர சங்கீதம் கேட்பதைச் சொல்லியிருப்பேன். அவள் கேட்கவில்லை. மரியாதை தெரிந்த பெண். கதவு சாத்தியிருந்தால் தட்டமாட்டாள். அடுத்த நாள் திறந்திருந்த கதவுக்குப் போனாள். அது உன் அப்பா என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவரைத் திறந்த கதவு என்று நான் எழுதுவேன் என்று நானே நினைத்ததில்லை. கல்யாணமான புதிதில் இந்தப் பெஹாலா வீட்டு மாடிப்படியில் அவர் ஏறி வரும் சத்தத்தை வைத்துத்தான் ஆபீசில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்வேன். அவ்வளவு பேச்சு. கீழ்வீட்டு வங்காளி அம்மா, நம் மாஷிமா, அப்போதே கேட்பாள், "உன் வீட்டுக்காரர் ஊமையா, இல்லை வங்காளம் தெரியாதா?" என்று. இரண்டும் இல்லை, அவர் அப்படித்தான் என்பேன். அவர் தம் சின்ன வயதைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார். சாந்த்ராகாச்சி ரயில்வே காலனியில் வளர்ந்தார், தாத்தாவுக்கு யார்டில் வேலை என்பது மட்டும் தெரியும். ஒருமுறை போய்ப் பார்க்கலாமே என்றதற்கு, "அதெல்லாம் இடிச்சாச்சு" என்றார். ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் சாந்த்ராகாச்சி. இத்தனை வருஷத்தில் நாங்கள் அந்தப் பக்கம் ரயில் பிடிக்கத்தான் போயிருக்கிறோம்.

நித்யா என்ன செய்தாள்? காலனியைப் பற்றி வாயே திறக்கவில்லை. "அங்கிள், சாந்த்ராகாச்சி ஏரிக்கு இந்த மாசம் வெளிநாட்டு வாத்தெல்லாம் வருமாமே, காட்டுவீங்களா?" என்றாள். அவர் முகம் மலர்ந்ததை நீயும் பார்த்தாய். என்னையும் கூப்பிட்டீர்கள். "வாத்து பார்க்க நான் வரலை" என்று சொல்லிவிட்டு, பாப்தா மீன் கழுவ உள்ளே போனேன். நீயும் ஆபீஸ் கால் ஒன்று இருக்கிறது என்று லேப்டாப்பைத் திறந்துகொண்டாய். அவர்கள் இரண்டு பேர் மட்டும் போனார்கள். ஏரிக்கரையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று, எதிரே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, அவர் பேசினாராம். நானோ இத்தனை வருஷம் அவர் எதிரில் உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டிருக்கிறேன். உனக்கு நான் சொல்லும் புத்தி ஒன்று உண்டென்றால் இது: உன் அப்பாவின் ரத்தம் உனக்கும் உண்டு. உன்னால் பேச முடியாத நாள் வந்தால் நித்யாவை எதிரே உட்கார வைக்காதே. எங்காவது நடக்கக் கூட்டிக்கொண்டு போ.

திரும்பி வந்ததும் நான் டீ வைத்தேன். மாஷிமாவும் நோலன் குடு சந்தேஷ் இனிப்புத் தட்டோடு மேலே வந்திருந்தாள். நித்யா உற்சாகமாக இருந்தாள். எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டுதான், "ஆன்ட்டி, செண்பகம் அத்தைக்குன்னு நீங்க வைக்கிற பெட்டியை நான் பார்க்கலாமா?" என்று கேட்டாள்.

"எந்தச் செண்பகம்?" என்றேன்.

அவள் உன் அப்பாவைப் பார்த்தாள். அவர் சந்தேஷைப் பார்த்தார். மாஷிமாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் எழுந்து போகவில்லை, தெரியாத மொழியில் நடக்கும் சண்டைதான் சுவை என்பாள். நீ மட்டும், "என்னம்மா, உனக்குத் தெரியாதா?" என்றாய். அந்தக் கேள்வியை உன்னிடம் திருப்பிக் கேட்கலாம். உனக்கும் அன்றுதான் தெரிந்தது.

நம் வீட்டில் கன்னிக்கு வைப்பது உனக்குப் பழகிப்போன விஷயம். வெளியார் யாராவது இதைப் படித்தால் புரிய வேண்டுமே என்று எழுதுகிறேன். கல்யாணம் ஆகாமல் இறந்துபோன பெண்ணை வீட்டுக் கன்னி என்று கும்பிடுவது உன் அப்பாவின் திருநெல்வேலிப் பக்கத்து வழக்கம். அவளுக்கென்று ஒரு பெட்டி. வருஷத்துக்கு ஒருமுறை அதில் புதுப் பாவாடைத் துணி, வளையல், ரிப்பன், பாயசம். வீட்டில் கல்யாணம் என்றால் முதலில் அவளுக்கு வைத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். என் பிறந்த வீட்டில் இது கிடையாது. வந்த புதிதில் உன் பாட்டியிடம், "யார் இந்தக் கன்னி, அத்தை?" என்று கேட்டேன். கேட்காமலே இருந்தவள் என்று என்னை நினைத்துவிடாதே. "வீட்டுக் கன்னி. கேக்கப்படாது" என்றார். துணி எடுக்கப் போகும்போது மட்டும், "நீலம் எடு, அவளுக்கு நீலந்தான் பிடிக்கும்" என்பார். காளிக்குச் செம்பருத்தி பிடிக்கும் என்பது போல இதுவும் என்று எடுத்துக்கொண்டேன். எத்தனையோ தலைமுறைக்கு முந்தைய யாரோ ஒருத்தி. அவளுக்குப் பிடித்த நிறம் இவர்களுக்கு எப்படித் தெரியும் என்று மனதுக்குள் சிரித்திருக்கிறேன்.

அவள் உன் அப்பாவின் அக்கா. பெயர் செண்பகம். உன் அப்பாவுக்கு ஏழு வயதாக இருந்தபோது அவள் ஸ்கூல் படித்துக்கொண்டிருந்தாள். காலனியில் துர்கா பூஜைக்கு எல்லாக் குழந்தைகளும் புதுத் துணியோடு பந்தலுக்குப் போவார்கள். இவர்கள் வீட்டில் மட்டும் புதுத் துணி தீபாவளிக்குத்தான். அந்த வருஷம் கடைத்தெருவில் ஒரு நீலப் பாவாடைத் துணியைப் பார்த்துவிட்டு அவள் பிடிவாதம் பிடித்திருக்கிறாள். "பூஜை அவங்க பண்டிகை. தீபாவளிக்கு எடுத்துத் தாரேன்" என்று உன் பாட்டி சொல்லியிருக்கிறார். பூஜை தொடங்கும் சஷ்டியன்று பழைய பாவாடையோடு தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பந்தலுக்குப் போனவள், அடுத்து வந்த பௌர்ணமி லட்சுமி பூஜைக்குள் காய்ச்சலில் படுத்தாள். தீபாவளியைப் பார்க்கவில்லை. உன் பாட்டி அந்த நீலத் துணியை அப்புறம் வாங்கினார். அதுதான் பெட்டியில் வைத்த முதல் துணி. அதனால்தான் நம் வீட்டில் மட்டும் கன்னிக்குத் துர்கா பூஜை சஷ்டியில் வைத்துக்கொண்டிருந்தோம். நான் அதைக் கல்கத்தாவுக்கு வந்து மாறிப்போன வழக்கம் என்று நினைத்திருந்தேன்.

நித்யா இதையெல்லாம் தயங்கித் தயங்கிச் சொன்னாள். உன் அப்பா நடுவில் ஒரே ஒருமுறை, "கை ரொம்பச் சூடா இருந்துது, பந்தல்லயே" என்றார். நான் பெட்டியைக் கொண்டுவந்து கட்டிலில் கவிழ்த்தேன். ஏழு வயதுப் பையனின் நினைவைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை. துணியை எடுத்து உடுத்தப் பெண்குழந்தை இல்லாத வீடு. எல்லாம் மடித்தபடி உள்ளேயேதான் இருந்தன. நித்யா அடியிலிருந்து ஒவ்வொன்றாக வரிசையாக வைத்தாள். நீலம், நீலம், நீலம். சாயம் போன நீலம், பூப்போட்ட நீலம், மயில் கழுத்து நீலம். மேலே வந்ததும் சிவப்பு, மஞ்சள், ஒரு பச்சை. உன் பாட்டி போன பிறகு நான் வாங்கியவை. மாஷிமா அந்தப் பச்சையைத் தொட்டுப் பார்த்து, "இது தள்ளுபடியில் வாங்கினது, நானும் கூட வந்தேனே" என்று வங்காளத்தில் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

நிறம் போகட்டும். பாட்டி இறந்த அடுத்த வருஷம், பூஜைக் கூட்டத்தில் கடையில் நிற்க இடமில்லாமல் நான் என்ன சொன்னேன் என்று உன் அப்பாவுக்கு நினைவிருக்கிறது. "தீபாவளிக்கு எப்படியும் துணி எடுக்கப் போறோம், இதையும் அப்ப சேர்த்து எடுத்துக்கலாம்" என்றேன். அவர் "சரி" என்றார். அன்றிலிருந்து தீபாவளிக்குத்தான் வைக்கிறோம். பாட்டி சொன்ன அதே வார்த்தையை என் வாயிலிருந்தும் கேட்டுவிட்டு அந்த மனிதர் சரி என்றிருக்கிறார். வேண்டாம், இன்றைக்கே எடுப்போம், ஒரு காரணம் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். என்னிடம் சொல்லவில்லை. வாத்து பார்க்க வந்த பெண்ணிடம் சொன்னார்.

இப்போது என் பொறாமை உனக்குப் புரியும். அவர் சொன்னதற்காக அல்ல. யாரிடமாவது சொல்ல வேண்டியதுதான். சொல்லக் கூடியவர்தான் அவர் என்று தெரிந்ததுதான் என்னைக் குடைந்தது. சொல்லவே முடியாத மனிதரோடு வாழ்கிறேன் என்று நினைத்தவரை எனக்கு ஒரு குறையும் இல்லை. அவள் ஊர் பார்க்க வந்த இடத்தில், அரை நாளில், என் வீட்டின் அடித்தட்டு வரை போய்விட்டாள். அதோடு இன்னொன்று, அற்பமாகத் தோன்றலாம். இறந்துபோனவள் அவளுக்கு ஒரே மதியத்தில் "செண்பகம் அத்தை" ஆகிவிட்டாள். மீன் கழுவிக்கொண்டிருந்தவள் "ஆன்ட்டி"யாகவே இருந்தாள். அடுத்த நாள் காலை மாஷிமா படிக்கட்டில் நிறுத்தி, "ஓ மா! உன் பௌமாவிடம் உன் வீட்டுக்காரருக்கு நாக்கு முளைத்துவிட்டதே" என்றாள். பௌமா என்றால் மருமகள். "இன்னும் பௌமா ஆகலை" என்று சொல்லிவிட்டுத்தான் உங்களோடு கரியாஹாட்டுக்கு வந்தேன். அதே வார்த்தை நாக்கில் இருந்தது.

கடையில் அவள் ஒரு நீலத் துணியை எடுத்து மேஜையில் விரித்து, "கல்யாணத்துக்கு முன்னாடி வைக்கிறதுக்கு இதை நான் எடுக்கட்டுமா ஆன்ட்டி?" என்று கேட்டாள். "அது இந்த வீட்டு மருமகள் எடுக்கறது. நீ இன்னும் ஆகலை" என்றேன். அவள் அதை அழகாக மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். கடைக்காரர், "நேபேன் நா, திதி?" என்றார். வேண்டாமா அக்கா என்று. அவர் யாரைக் கேட்டார் என்று எனக்குத் தெரியவில்லை. நீ வெளியே போய் நின்றாய். டாக்சியில் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போனோம். அவள் மட்டும் விமான நிலையத்தில் என் கையைப் பிடித்து, "பாப்தா ரொம்ப நல்லாயிருந்துது" என்றாள். அப்படிச் சொல்ல முடிகிற பெண்ணிடம் பொறாமைப்படாமல் இருப்பது கஷ்டம்.

நீங்கள் போன பிறகு வீட்டில் கொஞ்ச நாள் டீ, காபி பற்றி மட்டும்தான் பேச்சு. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, "எனக்கும் சாந்த்ராகாச்சி காட்டுங்க" என்றேன். "வாத்தெல்லாம் திரும்பிப் போக ஆரம்பிச்சிருக்குமே" என்றார். "வாத்து பார்க்க வரலை" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

இடிக்கவில்லை. வீடு இருக்கிறது. மஞ்சள் சுவர், பச்சை ஜன்னல், வாசலில் யாருடைய சைக்கிளோ. உள்ளே கேஸ் அடுப்பில் கடுகெண்ணெய் காய்கிற வாசனை. நான் முகத்தைப் பார்க்காமல், பக்கத்தில் நின்று, எதிரே வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நித்யாவிடமிருந்து கற்றுக்கொண்டதை ஒப்புக்கொள்கிறேன். அவர் பந்தல் போட்ட மைதானத்தைக் காட்டினார். எல்லாம் நித்யா ஏற்கெனவே சொன்னதுதான். அவள் கேட்காதது ஏதாவது மிச்சம் இருக்காதா என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். என் வயதில், என் படிப்புக்கு, இது எப்படிப்பட்ட தேடல் என்று எனக்கே தெரியும். ஆனாலும் தேடினேன்.

"உங்க அக்கா உங்களை என்னன்னு கூப்பிடுவா?" என்று கேட்டேன்.

யார்டில் ஒரு வண்டி முழுவதும் போய் முடிந்தது. பிறகு சொன்னார். பெயர் ஒன்று, வேடிக்கையான பெயர். அவள் போன பிறகு யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. உன் பாட்டி கூட. "இதை நித்யாகிட்ட சொன்னீங்களா?" என்றேன். "அவ கேக்கலை" என்றார். எனக்கு ஏற்பட்ட நிம்மதியை நான் இங்கே விவரிக்கப்போவதில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் கன்னிக்கு வைக்க நீங்கள் இரண்டு பேரும் வர வேண்டும். அந்தக் கடைக்கு நான் திரும்பப் போனேன், துணி இன்னும் இருக்கிறது, வாங்காமல் வந்துவிட்டேன். அது அவள் எடுத்தது, அவளே வந்து வாங்கட்டும். பெட்டிச் சாவியையும் அவளிடமே கொடுத்துவிடுகிறேன். இனிமேல் சஷ்டியிலேயே வைக்கச் சொல், கடையில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும். காளிகாட் வீட்டைப் பற்றி அவள் மறுபடியும் கேட்டால் சொல்கிறேன். கேட்காவிட்டாலும் ஒருவேளை சொல்வேன். உனக்கு ஒன்று: உன்னிடம் உள்ள எதையும் ஊரில் வேறு யாரிடம் சொல்வதற்கு முன்பும் அவளிடம் சொல். அவள் எவ்வளவு நல்லவளாக இருந்தாலும், இரண்டாவதாகக் கேட்பது வலிக்கும்.

அந்தப் பெயரை மட்டும் எழுதமாட்டேன். நீ கேட்காதே, அவளையும் கேட்கச் சொல்லாதே. உங்கள் குழந்தைகள் இந்த வீட்டின் கதையை எழுதும்போது அதில் ஓர் இடம் காலியாக இருக்கட்டும். கதவு சாத்தியிருக்கும்போது நான் சில சமயம் உன் அப்பாவை அந்தப் பெயரால் கூப்பிடுகிறேன். பேப்பரைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறார்.

அம்மா